பாரோங் தகலோக்: மணமகனுக்கு எந்தத் துணி, எந்த வெட்டு, உள்ளே என்ன?

#1 · மணிலா வளவன்

வணக்கம். தம்பிக்கு வரும் பிப்ரவரியில் கல்யாணம். பெண் வீட்டார் பிலிப்பினோக்கள். லகூனா மாகாணத்தில் தேவாலயத் திருப்பலி மாலை 3 மணிக்கு, அதன் பிறகு திறந்தவெளியில் விருந்து. மணமகன் கோட்டுக்குப் பதிலாக பாரோங் தகலோக் என்ற மெல்லிய பூவேலைச் சட்டை உடுத்தினால் மகிழ்ச்சி என்கிறார்கள். பெண் உடுத்தப் போவது பட்டாம்பூச்சிக் கை வைத்த தெர்னோ கவுன், தூய வெள்ளை.

கடையில் இரண்டு காட்டியிருக்கிறார்கள். ஒன்று முன்பக்கம் முழுக்கப் பூவேலை நிறைந்த ஹூசித் துணி. இன்னொன்று நெஞ்சில் மட்டும் வேலை உள்ள பீன்யா-செடாத் துணி. முதலாவதுதான் எடுப்பாகத் தெரிகிறது, விலையும் குறைவு. அளவு: மார்பு 104 செ.மீ, வயிறு 100, பிட்டச் சுற்று 106, உயரம் 174. துணி, வெட்டு, உள்ளே போடுவது, கால்சட்டை எல்லாவற்றையும் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · ஊசிநூல்

பூவேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள் வளவன். முதலில் துணி, அடுத்து உடம்பில் உட்காரும் விதம், கடைசியில்தான் பூவேலை. பத்தடி தூரத்தில் நிற்பவர் கண்ணுக்குப் பூ தெரியாது. துணி விறைப்பாக விழுகிறதா, தொளதொளவென்று தொங்குகிறதா என்பதுதான் தெரியும்.

கடைகளில் கிடைக்கும் துணிகள் இவை.

பீன்யா: அன்னாசி இலை நாரில் கைத்தறியில் நெய்தது. இயல்பு நிறம் வெளிர் தந்தம். மெல்லியது, ஆனால் விறைப்பு உண்டு. ஒளி பட்டால் மெல்லிய பளபளப்பு. எல்லாவற்றிலும் உயர்ந்தது இதுதான்.

பீன்யா-செடா: ஒரு பக்க இழை பட்டு, மறுபக்க இழை அன்னாசி நார். சுத்த பீன்யாவைவிட மென்மை, மடித்தால் நொறுங்கும் ஆபத்து குறைவு, விலையும் குறைவு. மணமகனுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஹூசி: ஒரு காலத்தில் அபாக்கா எனும் மணிலா வாழை நாரும் பட்டும் கலந்து நெய்தார்கள். 1960-களிலிருந்து அந்த இடத்தை இறக்குமதியான பட்டு ஆர்கன்சா பிடித்துக்கொண்டது. இன்று ஹூசி என்ற பெயரில் விற்பதில் கணிசமான பங்கு பாலியஸ்டர் கலந்ததுதான். அதனால் "ஹூசியா?" என்று கேட்டுப் பயனில்லை; "பட்டா, பாலியஸ்டரா?" என்று கேளுங்கள்.

பாலியஸ்டர் ஆர்கன்சா: காற்று புகாது. தேவாலயத்துக்குள் ஒரு மணி நேரத் திருப்பலி முடிவதற்குள் முதுகு நனைந்துவிடும். தோழர்களுக்கு வேண்டுமானால் சரி.

குசோட் மயாமன்: லினன் போன்ற, அவ்வளவாக ஊடுருவித் தெரியாத துணி. கடற்கரைக் கல்யாணத்துக்கும் அலுவலகத்துக்கும் பொருந்தும். இதில் அரைக்கை வைத்துத் தைப்பதுதான் போலோ பாரோங். அது மணமகன் உடையல்ல. பெண்ணின் தந்தை முழுக்கையில் நிற்கும்போது மாப்பிள்ளை அரைக்கையில் நிற்கக் கூடாது.

#3 · கைத்தறிப் பித்தன்

ஊசிநூல் அக்கா சொன்னதோடு பீன்யா விலை ஏன் அப்படி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதை எடைபோடலாம்.

நார் எடுக்கப் பயன்படுவது சிவப்பு ஸ்பானிஷ் வகை அன்னாசி. இலை நீளமாக வளர்வது. உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் இலையின் மேல்தோலைச் சுரண்டினால் முதலில் வருவது பாஸ்தோஸ் என்ற முரட்டு நார். அதற்கு அடியில், தேங்காய்ச் சிரட்டையால் மெல்லச் சுரண்டி எடுப்பது லினிவான். உயர்ந்த துணிக்கு லினிவான் மட்டும்தான். நாரைக் கழுவி, காயவைத்து, சிக்கெடுத்து, ஒவ்வொரு நாரையும் அடுத்ததோடு கையால் முடிச்சுப் போட்டு நீள இழையாக்குகிறார்கள். ஒரு நாரின் நீளம் ஓர் இலையின் நீளம்தானே, ஆகவே ஒரு சட்டைத் துணிக்குள் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் இருக்கும். அக்லான் மாகாணத்தில் உள்ள கலிபோ வட்டாரத் தறிகளில் ஒரு நாளில் ஒரு மீட்டர்கூட எட்டாது. பூ போட்டு நெய்தால் இன்னும் குறையும்.

அக்லானின் இந்த பீன்யா நெசவை 2023-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பருவுருவற்ற பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தறி கலிபோவில், ஊசி லும்பானில் என்பது பொதுவான ஏற்பாடு. துணியை அக்லானில் நெய்து, பூவேலைக்கு லகூனாவில் உள்ள லும்பானுக்கு அனுப்புவார்கள். கல்யாணமே லகூனாவில் என்பதால் லும்பானுக்கே நேரில் போய்ப் பார்ப்பது வளவனுக்கு எளிது.

#4 · மணிலா வளவன்

நன்றி. இன்னொரு கடையில் "சுத்த பீன்யா" என்று சொல்லி, பீன்யா-செடாவைவிடக் குறைந்த விலையே சொல்கிறார்கள். எப்படிச் சோதிப்பது?

#5 · கைத்தறிப் பித்தன்

விலையே பாதிப் பதில் சொல்லிவிட்டது. மீதிக்கு மூன்று சோதனைகள்.

ஒன்று, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பீன்யாவில் இழைகள் ஒரே தடிமனில் இருக்காது. ஒன்று மெல்லியது, பக்கத்தில் உள்ளது சற்றுத் தடித்தது என்று இருக்கும். உருப்பெருக்கி வைத்தால் அங்கங்கே முடிச்சு தெரியும். எல்லா இழையும் அச்சில் வார்த்தது மாதிரி ஒரே சீராக இருந்தால் அது ஆலைத் துணி.

இரண்டு, உட்தையலிலிருந்து உதிரி இழை ஒன்று கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். பீன்யா காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு மயிர் கருகும் நாற்றம் தந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரும்பொட்டாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும், நசுக்க முடியாது. பீன்யா-செடாவில் நெடுக்கு இழையையும் குறுக்கு இழையையும் தனித்தனியாகக் கொளுத்த வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள்.

மூன்று, அகலம் கேளுங்கள். கைத்தறி பீன்யா பெரும்பாலும் 75 முதல் 80 செ.மீ அகலம். ஒரு மீட்டருக்கு மேல் அகலமான சுருளைக் காட்டி "பீன்யா" என்றால் அடுத்த கேள்வி கேட்காமல் நகர்ந்துவிடலாம்.

#6 · லும்பான் வழி

பூவேலை பற்றிச் சொல்கிறேன். தைத்த சட்டையில் பூவேலை செய்வதில்லை. வெட்டாத துணியில் வடிவத்தை வரைந்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, வேலையை முடித்து, அலசி, அதன் பிறகுதான் தையல்காரர் கத்தரிக்கோல் வைப்பார். ஆகவே நெஞ்சு வேலை எந்த உயரத்தில் தொடங்கும், எங்கே முடியும் என்பது துணி சட்டத்தில் ஏறும்போதே தீர்மானமாகிவிடும். கழுத்து முதல் நெஞ்சுக்குழி வரை, வயிறு வரை என்ற அளவுகளை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். பொது அளவுக்குச் செய்துவைத்த துணி உயரமானவருக்கு வந்தால் பூவேலை மார்புக்கு மேலேயே முடிந்து, வயிற்றுப் பகுதி வெறுமையாகத் தெரியும்.

அமைப்பு இரண்டு வகை. நெஞ்சின் நடுவில் கேடயம்போல இறங்குவது பெசேரா. துணியெங்கும் சிதறலாகப் பூ வைப்பது சபோக். வயிறு சற்று இருப்பவருக்கு பெசேரா நல்லது. கண் நடுக்கோட்டில் நிற்கும். சபோக் உடம்பை அகலமாகக் காட்டும்.

வேலை வகைகளில் கேட்டு வாங்க வேண்டியது கலாடோ. துணியின் இழைகளில் சிலவற்றை உருவியெடுத்து, மீதியை ஊசியால் கற்றை கற்றையாகக் கட்டி வலைபோல ஆக்குவது. சுத்தமான கைவேலை. இயந்திர கலாடோ என்று விற்பதில் துணியைத் துளைத்து விளிம்பில் தையல் ஓட்டியிருப்பார்கள். வித்தியாசம் காண ஓட்டையை மட்டும் பாருங்கள்: கைவேலையில் ஓட்டைக்குக் குறுக்கே போகும் இழை துணியின் இழையேதான், இருபுறமும் நெசவுக்குள் தொடர்ந்து போகும். இயந்திரத்தில் அது வெளியிலிருந்து வந்த தையல் நூல்.

சொம்பிராடோ என்பது அடியில் இன்னொரு துண்டுத் துணி வைத்து நிழல்போலத் தெரியவைப்பது. சுக்சுக் ஊசி வேலையே அல்ல. தறியிலேயே கூடுதல் ஊடை கொடுத்து எழுப்பும் பூ.

சாதாரணப் பூவேலையில் இயந்திரமா கையா என்பதைப் பின்பக்கம் காட்டிக்கொடுக்கும். இயந்திரத்தின் அடிநூல் ஒரே மட்டத்தில் இறுக்கமாக ஓடும். கைவேலையில் ஒரு இதழுக்கும் அடுத்த இதழுக்கும் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருக்கும்.

கால அளவு: பீன்யாவில் கைவேலை என்றால் 3 மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், கலாடோ அதிகமானால் 4. டிசம்பர் கடைசியில் யாரும் வேலை செய்ய மாட்டார்கள். பிப்ரவரிக் கல்யாணத்துக்கு அக்டோபரிலேயே துணி சட்டத்தில் ஏற வேண்டும்.

#7 · ஊசிநூல்

இப்போது அளவு. வளவன் கொடுத்தது போதாது. கழுத்து, தோள் அகலம், கைநீளம், மேற்கை, மணிக்கட்டு, பின்கழுத்து எலும்பிலிருந்து பிட்டத்தின் கீழ்வரை நீளம் இவையும் வேண்டும்.

மார்பு 104 என்றால் முடித்த சட்டை 116 வர வேண்டும், அதாவது 12 செ.மீ தளர்வு. கோட்டுக்கு உள்ளே போடும் ஒட்டுச்சட்டைக் கணக்கில் 6 செ.மீ தளர்வு வைத்தால் கையைத் தூக்கியதும் அக்குளில் இழை பிரியும். பீன்யா கொஞ்சம்கூட இழுபடாது, இழுத்தால் அறும். பிட்டச் சுற்று 106-க்கும் அதே 12. இந்த அளவைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அங்கே இறுக்கமானால் பக்கவாட்டுப் பிளவு இரண்டும் வாய் திறந்து நிற்கும், உள்ளிருக்கும் கால்சட்டை தெரியும். பிளவு சுமார் 15 செ.மீ.

தோள் தையல் தோள்முனையில் உட்கார வேண்டும். கீழே இறங்கினால் ஊடுருவும் துணியில் அது தெளிவான கோடாகத் தெரியும். நீளம் பிட்டத்தை மூடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். 174 செ.மீ உயரத்துக்கு 78 முதல் 80 வரை வரும். கழுத்துப் பட்டை கழுத்து அளவோடு 1.5 செ.மீ. டை கிடையாது என்பதால் மேல்பொத்தானைப் போட்டே ஆக வேண்டும். விரல் நுழையாத கழுத்தோடு மூன்று மணி நேரம் இருக்க முடியாது.

துணிக் கணக்கு, 75 செ.மீ அகலத் தறிக்கு: முன், பின் தலா 84, கை இரண்டு தலா 64, கழுத்துப் பட்டைக்கும் கைப்பட்டைக்கும் 30. மொத்தம் 326 செ.மீ. பூவேலை நேர் வரவும் தவறினால் ஒரு துண்டு கையில் இருக்கவும் 3.5 மீட்டர் வாங்குங்கள். முடித்த சுற்றளவு 116 என்றால் பாதி 58, தையல் விளிம்போடு 61, அகலத்துக்குள் அடங்கும். மார்பு 130 உள்ளவருக்குப் பாதியே 71, விளிம்போடு 74. ஓரக்கரையே தையலுக்குள் போய்விடும். அவருக்கு அகலமான துணி தேடுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் ஒட்டுத் துண்டு வரும்.

தையல் எல்லாம் விளிம்பு உள்ளே சுருண்ட இரட்டைத் தையலாக, 5 அல்லது 6 மி.மீ அகலத்தில் இருக்க வேண்டும். ஓவர்லாக் ஓட்டிய பாரோங்கை வாங்கவே வாங்காதீர்கள். வெளியிலிருந்தே முள்வேலிபோலத் தெரியும். இதனால் வரும் ஒரு சங்கடம்: உள்ளே விட்டுத் தைத்த துணி ஏதும் இருக்காது. சட்டையைக் குறுக்கலாம், பெரிதாக்க முடியாது. பிரித்தால் பீன்யாவில் ஊசித் துளை அப்படியே நிற்கும். எடையைக் குறைக்கப் போகிறேன் என்று மாப்பிள்ளை சொன்னாலும் இன்றைய உடம்புக்கே அளவெடுங்கள்.

கடைசி அணிந்துபார்த்தல் கல்யாணத்துக்கு 3 வாரம் முன்பு. நிற்பது மட்டும் போதாது. கைகளை முன்னே நீட்டி மேலே தூக்கச் சொல்லுங்கள், மணப்பெண்ணின் முக்காட்டை விலக்கும்போது அதுதான் நடக்கும். மண்டியிடச் சொல்லுங்கள். பின்பக்கம் நீளமானால் மண்டியிடும்போது குதிகாலுக்கு அடியில் மாட்டும். எழும்போது கழுத்தை இழுக்கும், துணி கிழியவும் கிழியும்.

#8 · கோட்டுக்காரன்

துணி விஷயத்தில் ஒத்துப்போகிறேன். முன்திறப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. மரபு என்றால் நெஞ்சுவரை மட்டும் திறப்பு, தலைவழியாகப் போடுவது. முழுத்திறப்பு வைத்தால் பூவேலையை இரண்டாக வெட்டுகிறோம், பொத்தான் பட்டை நடுவில் கம்பிபோல ஓடுகிறது. மணமகனுக்கு முழுத்திறப்பு கூடவே கூடாது என்பது என் கருத்து.

கூடாதவை இன்னும் சில: கால்சட்டைக்குள் செருகக் கூடாது. மேலே கோட் கூடாது. டை கூடாது. கையை மடித்துவிடக் கூடாது. நெஞ்சுப் பை கேட்டுத் தைக்கக் கூடாது.

#9 · ஊசிநூல்

திறப்பில் மட்டும் மாறுபடுகிறேன் அண்ணே. தலை வாரி, முகப்பூச்சு முடிந்த பிறகுதான் பாரோங் மாட்டுவார்கள். அரைத்திறப்பில் காதோரத்துப் பூச்சு கழுத்துப் பட்டையின் உட்பக்கம் ஒட்டும், தந்த நிறத் துணியில் அது போகாது. தலைவழியாக மாட்டும்போது தோள் அகலமானவருக்கு அக்குளில் இழுபடும். முழுத்திறப்பில் பூவேலையைப் பொத்தான் பட்டைக்கு இருபுறமும் சமமாகப் பிரித்து வரைந்தால் வெட்டியது தெரியாது, ஆனால் அதை வரையும்போதே சொல்ல வேண்டும். அரைத்திறப்புதான் வேண்டுமென்றால் திறப்பு 35 செ.மீக்குக் குறையாமல் வையுங்கள். போடும்போது தலையில் மெல்லிய பட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு நுழைந்தால் பூச்சு ஒட்டாது.

#10 · கோட்டுக்காரன்

அந்த 35 செ.மீக்கு ஒப்புக்கொள்கிறேன். அரைத்திறப்பே என் தேர்வு.

#11 · ஒளிச்சட்டம்

படம் எடுப்பவர் கண்ணோட்டத்தில் இரண்டு விஷயம்: உள்ளே போடுவது, நிறம்.

உள்ளே கமிசா டி சீனோ என்ற பட்டையில்லாக் கழுத்துள்ள பருத்திச் சட்டைதான் போட வேண்டும். கையில்லாத பனியன் போட்டால் தோளில் பட்டையும் அக்குளின் வளைவும் எல்லாப் படத்திலும் தெரியும். அரைக்கை போட்டால் மேற்கையில் ஒரு குறுக்குக் கோடு விழும், அதற்குக் கீழே தோல் நிறம், மேலே வெள்ளை. முழுக்கை கமிசாதான் சரி. அதன் மணிக்கட்டு பாரோங் கைப்பட்டைக்கு உள்ளேயே முடிய வேண்டும். கழுத்து வட்டம் பாரோங்கின் பட்டைக்குள் மறைய வேண்டும். நெஞ்சில் எழுத்தோ தையல் பையோ இருக்கக் கூடாது. கமிசாவைக் கால்சட்டைக்குள் செருக வேண்டும். பாரோங் மட்டும் வெளியே.

இதனால் இடுப்புக்குக் கீழே கறுப்பு, மேலே வெள்ளை என்று பாரோங் வழியாகத் தெரியும். அது இந்த உடையின் இயல்பு, குறையல்ல. ஆனால் அந்தக் கோடு நேராக இருக்க வேண்டும். கால்சட்டை வயிற்றுக்குக் கீழே இறங்கினால் கோடு சாய்ந்து தெரியும். மடிப்பில்லாத முன்பக்கம், சரியான இடுப்பு உயரம், கறுப்புக் கம்பளிக் கால்சட்டை. பெல்ட் மெல்லியதாக, பளபளக்காத கொக்கியோடு. பையில் கைப்பேசியும் சாவியும் இருந்தால் துணிக்கு வெளியே பெட்டிபோலத் தெரியும். தோழனிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

நிறம்: இயல்பான பீன்யா தந்தம். பெண்ணின் தெர்னோ தூய வெள்ளை என்கிறீர்கள். இரண்டும் பக்கத்தில் நின்றால் பீன்யா பழசுபோல மஞ்சளாகத் தெரியும். கடை விளக்கில் தெரியாது. பெண்ணின் துணியிலிருந்து ஒரு துண்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் பாரோங் துணியின் பக்கத்தில் வையுங்கள். பொருந்தவில்லையென்றால் பீன்யாவை வெளுக்க வைக்காதீர்கள், நார் வலுவிழக்கும். பெண்ணின் துணியை ஒரு படி தந்தத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

ஒளிப்படக்காரரிடம் சொல்ல வேண்டியது: நேர் எதிரிலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் தந்தத்தின் மேல் தந்தமாக உள்ள பூவேலை முழுக்க மறைந்துவிடும். பக்கவாட்டு ஒளியில்தான் நூல் எழும்பித் தெரியும். முதுகுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் பாரோங் கண்ணாடியாகி உள்சட்டை மட்டுமே மிஞ்சும்.

#12 · லகூனா மருமகள்

சடங்கைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். பீன்யாவுக்குப் பெரிய எதிரி குண்டூசி, இந்தக் கல்யாணத்தில் குண்டூசி பல இடத்தில் வரும்.

திருப்பலியில் முக்காட்டுச் சடங்கு உண்டு. அதற்கென்று குறித்த ஒரு இணை வந்து, வெள்ளைத் துணியை மணப்பெண்ணின் தலையிலும் மணமகனின் தோளிலும் போட்டுக் குத்துவார்கள். பிறகு வேறொரு இணை எட்டு வடிவில் கயிற்றை இருவர் தோளிலும் போடும். முக்காடு குத்துபவர்கள் பதற்றத்தில் நெஞ்சுத் துணியில் குத்தி இழுத்துவிடுவார்கள். தோள் தையல் மேலேயே, அதாவது மூன்று நான்கு மடிப்புத் துணி உள்ள இடத்தில், மெல்லிய பட்டு ஊசியால் குத்த வேண்டும். கழற்றும்போது துணியைச் சேர்த்து இழுக்காமல் முதலில் ஊசியை உருவ வேண்டும். ஒத்திகையின்போதே அந்த இணையிடம் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுங்கள்.

நெஞ்சில் பூச்செண்டு குத்துவது பாரோங்குக்குத் தேவையில்லை, பூவேலையே போதும். வேண்டும் என்று வற்புறுத்தினால் காந்த வகை வாங்குங்கள், அதுவும் எடை குறைவாக.

விருந்தில் பண நடனம் நடக்கும். ஆடும்போது விருந்தினர் பெசோ நோட்டுகளை மணமக்கள் உடையில் குண்டூசியால் குத்துவார்கள். பீன்யாவுக்கு அதோடு கதை முடிந்தது. ஒட்டுநாடாவும் பசையை விட்டுப்போகும். இரண்டு வழி: ஆளுக்கொரு பட்டு நாடாவை மாலைபோலக் கழுத்தில் போட்டு அதில் குத்தச் சொல்வது, அல்லது விருந்துக்கு ஹூசி பாரோங் ஒன்றை மாற்றிக்கொள்வது. வளவன் ஏற்கெனவே பார்த்த அந்த நிறைபூ ஹூசியை இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

தெர்னோவில் கண்ணாடி மணி, உலோகச் சமிக்கி இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். கை கோத்து நடக்கும்போது அந்த மணி முதலில் மாட்டுவது மணமகனின் கையில் உள்ள கலாடோவில்தான். மணி இருந்தால் கையில் கலாடோ வைக்காதீர்கள், நெஞ்சோடு நிறுத்துங்கள். கைக்கடிகாரத்தின் உலோகப் பட்டையும் அதே வேலையைச் செய்யும்.

நினோங் எனப்படும் ஞானத் தந்தையர் எல்லாரும் பாரோங்கில்தான் வருவார்கள். மாப்பிள்ளை தனித்துத் தெரிய வேண்டுமானால் அழைப்பிதழிலேயே மற்றவர்களுக்கு ஹூசி என்று எழுதிவிடுங்கள். மாப்பிள்ளை மட்டும் பீன்யா. நிறத்தை மாற்றித் தனித்துக் காட்டுவதைவிட இது பண்பாக இருக்கும்.

#13 · தேடல்

ஒரு சந்தேகம். ஸ்பானியர்கள்தான் பிலிப்பினோக்களைச் சட்டையை வெளியே விடவும், ஆயுதம் மறைக்க முடியாதபடி ஊடுருவித் தெரியும் துணி உடுத்தவும் கட்டாயப்படுத்தினார்கள் என்கிறார்களே? அப்படியானால் மணநாளில் இதை உடுத்துவது சரியா?

#14 · கைத்தறிப் பித்தன்

அதை எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் அப்படியொரு ஆணைக்கு ஆவணச் சான்று காட்டியவர் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தாமியான் தொமிங்கோ வரைந்த உடை ஓவியங்களைப் பாருங்கள். வசதியான உள்ளூர் ஆண்கள் மெல்லிய பூவேலைச் சட்டையை வெளியே விட்டு, தலையில் உயரத் தொப்பியோடு மிடுக்காக நிற்கிறார்கள். வெப்ப நாட்டில் மெல்லிய துணியைத் தளர்வாக உடுத்த யாரும் கட்டளையிடத் தேவையில்லை. விலையுயர்ந்த துணியை ஏழையின் மேல் தாழ்வின் அடையாளமாகத் திணித்தார்கள் என்பதும் பொருந்தவில்லை.

பின்னால் நடந்தவை பதிவில் உள்ளவை. 1953 டிசம்பர் 30-இல் ராமோன் மக்சாய்சாய் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது கோட்டுக்குப் பதிலாக பாரோங் அணிந்தார். 1975-இல் மார்கோஸ் அரசு ஜூன் 5 முதல் 11 வரையான வாரத்தை பாரோங்குக்கென்று அறிவித்தது. இன்று அரசு விழாவிலும் தேவாலயத்திலும் அது முழு மரியாதையான உடை. மணநாளில் தயங்காமல் உடுத்தலாம்.

#15 · லும்பான் வழி

இதோடு ஒன்று. இப்போது பாரோங்கின் பட்டையிலும் கைவிளிம்பிலும் மின்டானாவோ பழங்குடித் துணிகளை வெட்டி ஒட்டுவது பரவுகிறது. த்போலி மக்களின் த்நாலாக் அபாக்கா நாரில் நெய்தது. அதை வெட்டுவது தீங்கு தரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அழகுக்காக வெட்டிச் சேர்க்க வேண்டாம். லகூனாக் கல்யாணத்துக்கு லும்பான் வேலையே பொருத்தம்.

#16 · மணிலா வளவன்

நெஞ்சு நிறைந்த நன்றி. பீன்யா-செடா, பெசேரா, கையில் வேலை இல்லை, அரைத்திறப்பு 35 செ.மீ, முழுக்கை கமிசா என்று முடிவு. விருந்துக்கு ஹூசி. பெண்ணின் தெர்னோவில் மணிவேலை இருக்கிறதாம். இன்னும் இரண்டு: கல்யாண நாள்வரை எப்படி வைப்பது, பிறகு எப்படித் துவைப்பது? மெழுகுவர்த்திச் சடங்கும் இருக்கிறது, மெழுகு சொட்டினால்?

#17 · ஊசிநூல்

வைப்பது: கூர்மையாக மடிக்காதீர்கள். நார் மடிப்புக் கோட்டில்தான் அறும். வெளுத்த பருத்தித் துணியை உள்ளே வைத்து, அட்டை உருளையில் தளர்வாகச் சுருட்டுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கி மஞ்சளாகும். விமானத்தில் வந்தால் கைப்பையிலேயே சுருளாகக் கொண்டுவாருங்கள். முதல் நாள் மாலை அகலமான, துணி சுற்றிய மாட்டியில் தொங்கவிட்டால் போதும்.

இஸ்திரி: அடியில் தடித்த துண்டு விரித்து, சட்டையை உட்பக்கம் திருப்பி, மேலே மெல்லிய ஈரத்துணி போட்டுக் குறைந்த சூட்டில். துண்டு இருந்தால்தான் பூவேலை நசுங்காமல் எழும்பி நிற்கும். பட்டு உள்ளதால் நீரை நேரடியாகத் தெளிக்காதீர்கள், சொட்டு விழுந்த இடம் வட்டமாகக் கறைபோல நிற்கும்.

துவைப்பது: அன்று இரவே வியர்வை போக அலசிவிடுங்கள். குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, பத்து நிமிடம் ஊறல், பிறகு அழுத்தி விடுவது மட்டும். பிழியக் கூடாது. வெளுப்பான் கூடாது. துண்டில் சுருட்டி நீரை உறிஞ்சவிட்டு நிழலில் விரியுங்கள். எடுத்துவைக்கும்போது கஞ்சி போடாதீர்கள், வெள்ளிப்பூச்சி முதலில் தேடி வருவது கஞ்சியைத்தான். அந்துருண்டை வைப்பதானால் துணியைத் தொடாமல் தனிப் பையில் கட்டி வையுங்கள்.

#18 · லகூனா மருமகள்

மெழுகுக்கு: சொட்டியதும் கையால் தேய்க்க வேண்டாம், இழைகளுக்கு நடுவே இறங்கிவிடும். இறுகட்டும். திருப்பலி முடிந்த பிறகு உறையில் கட்டிய பனிக்கட்டியை மேலே வைத்து நொறுங்கும் நிலைக்குக் கொண்டுவந்து, நகத்தால் சுரண்டாமல் பின்பக்கத்திலிருந்து விரலால் மெல்லத் தட்டி உதிர்த்துவிடுங்கள். மீதி எண்ணெய்க் கறைக்கு இருபுறமும் வெள்ளைத் தாள் வைத்துக் குறைந்த சூட்டில் இஸ்திரி. தாளை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். வண்ண மெழுகென்றால் சாயமும் சேர்ந்து இறங்கும், ஆகவே தேவாலயத்துக்கு வெள்ளை மெழுகுவர்த்தி, அடியில் அகலமான அட்டைத் தடுப்போடு வாங்கச் சொல்லிவிடுங்கள்.